ஏழாவது பாட்டு

1

என் வலைப்பூவுக்கு இந்த மாதத்தோடு பதினைந்து வயது முடிகிறது. பெற்ற பிள்ளைக்குப் பதினேழு. இரண்டில் எது உங்கள் பேச்சைக் கேட்கிறது என்று மனைவி கேட்டால் நான் கணினியைத் திறந்துவிடுவேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: ஜெர்மனியில், ஸ்டட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இயந்திர உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. ஒரு பல்சக்கரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடித்திருந்தாலும் அதைத் தள்ளிவைக்க வேண்டியவன் நான். அங்கே என்னை யாருக்கும் பிடிக்காது. ராஜபாண்டி என்ற பெயரை இருபது வருடமாக ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால்தான் நான் ஆள். பழைய தமிழ்ப் பாட்டுகளின் இடையிசையைப் பற்றி எழுதுகிறேன். பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் வயலின்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை மூன்று பக்கத்துக்கு நீட்டுவேன். அதையும் ரசித்துப் படிக்க மதுரையில் ஒரு கூட்டம் இருக்கிறது.

எங்கள் உலகத்தில் எல்லோருக்கும் புனைபெயர்தான். சுருதிப்பித்தன், தபேலா தங்கம், ரீவைண்டு ரவி என்று முகமூடி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் கிழிப்பார்கள். என்னால் மட்டும் அது முடியவில்லை. இந்த நாட்டில் ஊருக்குப் பொதுவாக இணையத்தில் எழுதினால் பெயரும் வீட்டு முகவரியும் போட்டாக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒருவர் பயமுறுத்திவிட்டார். உடனே போட்டுவிட்டேன். தெரு, வீட்டு எண், அஞ்சல் குறியீடு எல்லாம் பக்கத்தின் அடியில் பளிச்சென்று இருக்கும். தமிழ்ப் பாட்டுச் சண்டையில் கதவைத் தட்டி உதைக்க வசதியாக முகவரி கொடுத்திருக்கும் ஒரே ஆள் நான்தான்.

அந்த முகவரிக்குத்தான் போன மாதம் ஒரு பார்சல் வந்தது. அதைச் சொல்வதற்கு முன், என் புகழுக்குக் காரணமான கட்டுரையைச் சொல்லிவிடுகிறேன்.

2

ஒரு பாட்டு. பெயரைச் சொன்னால் பழைய சண்டை மறுபடி கிளம்பும். மழைப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் கல்லூரிக் காலத்து கேசட் ஒன்றில் அது இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மழைப் பாட்டைவிட என் கேசட்டில் இருப்பது சுருதியில் சரியாக அரைக்கட்டை உயரம். கொஞ்சம் வேகம், கொஞ்சம் துள்ளல். சுருதிப்பெட்டியை வைத்து அளந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை.

இதிலிருந்து நான் ஒரு கோட்டையே கட்டினேன். இசையமைப்பாளர் அந்தப் பாட்டை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். படத்துக்கு ஒன்று, இசைத்தட்டுக்கு அரைக்கட்டை ஏற்றி இன்னொன்று. இரண்டாவது காலப்போக்கில் தொலைந்துவிட்டது. அதன் ஒரே சாட்சி என் கேசட். ஏழு பாகமாக எழுதினேன், வரைபடங்களோடு. நான்காம் பாகத்தில் பாடகரின் அன்றைய மனநிலையைக்கூட ஊகித்திருந்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இப்போது தெரியவில்லை.

கட்டுரை பற்றிக்கொண்டது. மதுரைக்காரர்கள் பலர், "ஆமாம், எங்கள் கேசட்டிலும் அப்படித்தான்" என்று சாட்சி சொல்ல வந்தார்கள். திருச்சி, கோவை, சென்னை ஆட்கள் இல்லவே இல்லை என்றார்கள். அரைக்கட்டைக் கட்சி என்று ஒன்று உருவானது. அதற்கு மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் செல்வம் தலைவர். திருச்சிக்காரர் ஒருவர் ஒரிஜினல் இசைத்தட்டையே ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பினார். அதில் பாட்டு கீழேதான் இருந்தது. "உங்கள் பிளேயர் மெதுவாக ஓடுகிறது, பழுது பாருங்கள்" என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலுக்கு விழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரே ஒருவர்தான் குடைச்சல் கொடுத்துக்கொண்டே இருந்தார். புனைபெயர் பேரையூரான். பதினொரு வருடமாக, அந்தக் கட்டுரையை யார் எப்போது பகிர்ந்தாலும் வந்து ஒரே வரியை எழுதிவிட்டுப் போய்விடுவார்: "பாட்டு ஒண்ணுதான். கேசட்டைப் பாருங்க." வாதம் கிடையாது, கோபம் கிடையாது. நான் நாற்பது வரி பதில் எழுதுவேன். அடுத்த முறையும் அதே வரி வரும். கேசட்டைப் பார்க்க என்ன இருக்கிறது? கேட்கத்தானே செய்வார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

3

சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதுரையிலிருந்து உங்களுக்கு ஒரு பார்சல், உள்ளே இருப்பது என்னவென்று தெரியவில்லை, ரசீதோடு நேரில் வந்து விளக்கவும் என்று. அரை நாள் விடுப்புப் போட்டுப் போனேன்.

அதிகாரி இளைஞர். கத்தியை என்னிடம் கொடுத்து என்னையே பிரிக்கச் சொன்னார். மேலே பழைய தினசரித்தாள், அதற்குள் ஒரு பருத்தித் துண்டு, அதற்குள் ஓர் இசைத்தட்டு. மழைப் பாட்டின் படம். அட்டையின் மூலையில் நீல மையில் ஒரு கையெழுத்து. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே ரெக்கார்டிங் கடை வைத்திருந்த காதர் பாயின் கையெழுத்து அது. என் கேசட் அட்டைகள் எல்லாவற்றிலும் பாட்டுப் பெயர் எழுதிய கை.

"இதன் மதிப்பு என்ன?" என்று அதிகாரி கேட்டார். ஒரு மதிப்பும் கிடையாது, பழைய பொருள் என்று சொல்ல வந்தேன். பதற்றத்தில் என் ஜெர்மன் காலை வாரிவிட்டது. மதிப்பிடவே முடியாதது என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மாறியது. கலைப்பொருள்களுக்கான படிவம் ஒன்றை எடுத்துவந்தார். அதில் நூற்றாண்டு, பாணி, தொல்பொருளா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. அதை ரத்து செய்ய வேறொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இருபது வருடம் ஆகியும் இந்த ஊரில் நான் வாயைத் திறந்தால் ஒரு படிவம் கூடத்தான் செய்கிறது.

இசைத்தட்டு உறைக்குள் ஒரு கடிதம் இருந்தது. வண்டி நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன்.

"தம்பி ராஜபாண்டி, நல்லா இருக்கீங்களா. நான் காதர். இப்ப பேரையூர்ல மக வீட்டுல இருக்கேன். உங்க ஆளு செல்வம் தேடி வந்தாரு. உங்க வலைப்பூவுக்குப் பதினஞ்சு வருச விழாவாம். பசுமலையில ஒரு பள்ளிக்கூட ஹால்ல வச்சிருக்காங்களாம். அபூர்வ இசைத்தட்டக் காப்பாத்துன ஆளுன்னு எனக்குப் பொன்னாடை போத்தப் போறாங்களாம். மருமகன் தெரு பூராம் சொல்லிட்டாரு. அந்த இசைத்தட்டத்தான் இத்தோட அனுப்பியிருக்கேன், போட்டுக் கேளுங்க. அப்புறம் உங்க கேசட்டு அட்டைய எடுத்து, ஒரு பக்கத்துக்கு எத்தன பாட்டுன்னு எண்ணுங்க. எண்ணிட்டுப் போன் பண்ணுங்க. மேடையில நான் என்ன சொல்லணும்னு நீங்கதான் சொல்லணும்."

அடியில் தொலைபேசி எண். அதற்கும் அடியில், அடைப்புக்குறிக்குள், பேரையூரான் என்று எழுதியிருந்தது.

4

ரெக்கார்டிங் கடை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். காலி கேசட் வாங்கிக் கொடுத்தால், கடைக்காரர் தன் இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக அதில் ஏற்றித் தருவார். பசுமலையில் கல்லூரி முடிந்ததும் பஸ் பிடித்து டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்விடுவேன். காதர் பாய் சீட்டை வாங்கி வாத்தியார் மாதிரி திருத்துவார்.

"தம்பி, சோகப் பாட்டுக்குப் பின்னாடியே குத்துப் பாட்டு எழுதிருக்கீங்க. கேக்குறவன் மனுசனா இல்லையா? மாத்துங்க."

அறுபது நிமிட கேசட்தான் அவரிடம் கிடைக்கும். தொண்ணூறு நிமிட டேப் மெல்லிசு, சிக்கிக்கொள்ளும் என்று கடைசிவரை தொடவே மாட்டார். அறுபது நிமிடம் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது. நான்கரை நிமிடப் பாட்டுகளாக ஆறு போடலாம். ஆறு போட்ட பிறகு மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்துத்தான் மதுரைக்காரனுக்கு வயிறு எரியும்.

"ஏழாவதா ஒண்ணு போடுங்க பாய்."

"பாதியில அந்துரும் தம்பி."

"அறுபடக் கூடாது. முழுசா வேணும். நீங்க நினைச்சா முடியும்."

இது நான் சொன்னது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வியாழக்கெழம வாங்க" என்றார். வியாழக்கிழமை போனேன். ஏழும் முழுசாக இருந்தது. காதர் பாய் மந்திரவாதி என்று விடுதி முழுக்கச் சொன்னேன். அதன் பிறகு எங்கள் விடுதியிலிருந்து போன எல்லோரும் ஏழுதான் கேட்டார்கள்.

சுங்க அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். முதல் பக்கம், நீல மையில், ஒன்று முதல் ஏழு. ஏழாவது மழைப் பாட்டு. ஏழு நான்கரை முப்பத்தொன்றரை. முப்பது நிமிட நாடாவில் முப்பத்தொன்றரை நிமிடம் எப்படி உட்காரும்? இசைத்தட்டு சுழலும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் உட்காரும். நூற்றுக்கு ஆறு பங்கு கூட்டினால் போதும். அந்த ஆறு பங்கு சுருதியில் எவ்வளவு ஏற்றும் என்று கணக்குப் போட்டேன். அரைக்கட்டை.

அந்தப் பக்கத்தின் மற்ற ஆறு பாட்டும் அதே அளவு ஏறித்தான் இருக்கும்; அவற்றை நான் அளந்து பார்த்ததே இல்லை. மனம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஃபோக்ட் தாத்தாவிடம் நல்ல இசைத்தட்டு பிளேயர் உண்டு. அவர் வீட்டில் போட்டுக் கேட்டோம். பாட்டு கீழே, திருச்சிக்காரர் அனுப்பிய அதே இடத்தில் இருந்தது. பிளேயரின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன தள்ளுவிசை. அதை மெல்ல மேலே தள்ளினேன். தொலைந்துபோன இரண்டாவது பதிவு, பதினொரு வருடம் நான் கட்டிக் காத்த அபூர்வம், என் விரலுக்கு அடியில் துள்ளிக்கொண்டு வந்து நின்றது.

ஃபோக்ட் தாத்தாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்கள் அளவு பார்க்கும் வேலையில்தானே இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

5

"எண்ணிட்டீங்களா தம்பி?"

முப்பது வருடம் கழித்துக் கேட்கும் குரல். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது.

"எண்ணிட்டேன் பாய். இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? பதினொரு வருசமா ஒத்த வரிய எழுதிக்கிட்டு இருந்தீங்களே."

"நேராச் சொன்னா மிஷின்ல வேகத்தக் கூட்டுற திருகாணியத் திருப்புனவன் யாருன்னு கேப்பாங்கள்ல? ஒரிஜினல் சவுண்டுன்னு போர்டு வச்சுல்ல யாவாரம் பண்ணேன். நீங்களாப் புரிஞ்சுக்கிட்டு கம்முனு அழிச்சிருவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா அடுத்த பாகம், அடுத்த பாகம்னு போறீங்க. அந்தப் பாடகருக்கு அன்னைக்கு மனசு சந்தோசமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அதப் படிச்சிட்டு எனக்குப் பொறையேறிருச்சு."

"எல்லாருக்குமா பாய் திருப்புனீங்க?"

"ஏழு கேட்டவங்களுக்கெல்லாம் திருப்புனேன். ஆறு கேட்டா சுத்தமா இருக்கும். மதுரையில ஆறோட நிறுத்துனவன் எவன் தம்பி?"

அப்போதுதான் அரைக்கட்டைக் கட்சி ஏன் வைகைக்கு இரு கரையிலும் மட்டும் வளர்ந்தது என்று எனக்குப் புரிந்தது. சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

"சொல்லுங்க, மேடையில என்ன பேசட்டும்? நீங்க எழுதுனது மாதிரியே, ஆமா, அப்படி ஒரு இசைத்தட்டு இருந்துச்சுன்னு சொல்லிரவா? யாரு வந்து பாக்கப் போறா. உங்களுக்கும் கவுரவம், எனக்கும் ஒரு பொன்னாடை."

ஆசையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் கோட்டை இன்னும் முப்பது வருடம் நிற்கும். இந்த ஊரில் நான் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தில் மட்டும்தான் யாரோ. அதையும் கையில் எடுத்துக் கொடுப்பதா? ஆனால் திருச்சிக்காரரைப் பிளேயரைப் பழுதுபார்க்கச் சொன்னது குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் நிஜமாகவே பழுது பார்த்திருந்தார், பாவம். பிறகு எனக்கே எழுதியிருந்தார், கடைக்காரன் கோளாறு எதுவும் இல்லை என்கிறான் என்று.

"நான் சொல்லிர்றேன் பாய். தப்பு என்னோடது. நீங்க பொன்னாடைய வாங்கிக்கிட்டுப் பேசாம உக்காருங்க."

"உங்க இஷ்டம்" என்றார். குரலில் நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை பதினொன்று, பசுமலையில் பிற்பகல் மூன்றரை. காட்டிப் பேசுவதற்காக ஃபோக்ட் தாத்தாவின் பிளேயரை வாங்கிவந்து கூடத்து மேசையில் வைத்திருந்தேன். மேலே சட்டை, கீழே வேட்டி கிடையாது, வீட்டுக் கால்சட்டைதான். திரையில் நாற்காலிகள், மின்விசிறி, எழுபது எண்பது தலைகள். அங்கே சுவரில் என் முகம் ஆள் உயரத்துக்குத் தெரிகிறது என்று செல்வம் சொன்னார்.

காதர் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, மேலே சிவப்புப் பொன்னாடை. முன்வரிசையில் மருமகன் எழுந்து நின்று படம் எடுத்தார். பிறகு என் முறை. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். இரண்டு பதிவு இல்லை, ஒன்றுதான். ஒரு பக்கத்தில் ஏழு பாட்டு வேண்டும் என்று அடம்பிடித்தது நான். கேசட் வேகமாகப் பதிவாகியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஏழு பாகம் எழுதியதும் நான். திருச்சி நண்பரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காதர் பாயைக் காப்பாற்றுவதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "அந்தக் காலத்து இயந்திரத்தில் ஏதோ கோளாறு இருந்திருக்கலாம்."

காதர் பாய் எழுந்து ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"மிஷின் மேல பழி போடாதீங்க தம்பி. அது நல்ல மிஷினு. இருபத்திரெண்டு வருசம் ஓடுச்சு, ஒரு நாள் கோளாறு சொன்னதில்ல. திருகாணியத் திருப்புனது நான்தான்."

மருமகன் கையில் இருந்த போனை மெதுவாகக் கீழே இறக்கினார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"பாய், எனக்கும் ஏழுதானா?"

"உங்களுக்கு ஆறா குடுத்தேன்? வீட்டுல போயி எண்ணிப் பாருங்க."

ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. சிலர் விழாவில் காட்டவென்று கேசட் கொண்டுவந்திருந்தார்கள். அட்டையைத் திருப்பி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஏழு, ஏழு, ஏழு. ஒருவருக்கு மட்டும் எட்டு. "அது எம் மச்சான் கல்யாணத்துக்குப் போட்டது" என்றார் அவர், பெருமையாக.

செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அப்ப பதினொரு வருசம் திருச்சிக்காரங்ககூட மல்லுக்கட்டுனது எதுக்குண்ணே?"

"திருகாணிக்குத்தான் செல்வம். மன்னிச்சுக்கங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். என் பதினைந்து வருடமும் அந்த மனிதரின் முகத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"சரி விடுங்க. என்ன இருந்தாலும் அவங்களுக்கு ஆறு. நமக்கு ஏழு."

மருமகன்தான் முதலில் கைதட்டினார்.

7

மன்னிப்புக் கட்டுரையை அன்றே வலைப்பூவில் போட்டேன். திருச்சிக்காரர் பெருந்தன்மையாக ஒரு வணக்கம் வைத்தார். அரைக்கட்டைக் கட்சியில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதாரம் போதாது, அண்ணனை யாரோ மிரட்டியிருக்கிறார்கள், காதர் பாய் பெரிய மனசோடு பழியை ஏற்றுக்கொண்டார் என்று எழுதுகிறார்கள். எட்டாம் பாகம் எப்போது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நானே மறுத்தாலும் கலையாத கட்சியை நான்தான் தொடங்கினேன் என்பதில் உள்ளூர ஒரு கர்வமும் இருக்கிறது. பேரையூரான் மட்டும் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்: "இப்பப் பாத்தீங்க."

ஆனால் சொல்ல வந்தது இது இல்லை.

விழா முடிந்ததும் பிளேயரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அந்த இசைத்தட்டை ஒரு முறை ஒழுங்கான வேகத்தில் கேட்போம் என்று போட்டேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி, தள்ளுவிசையை நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் மகள் மீனா தன் அறையில் இருந்தாள். பள்ளி இசைக்குழுவில் வியோலா வாசிக்கிறாள். காது கூர்மை, அழைப்புமணி என்ன சுரத்தில் அடிக்கிறது என்று சின்ன வயதிலேயே சொல்வாள். நான் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில் பதில் சொல்வாள். என் வலைப்பூவை ஒரு முறைகூடப் படித்ததில்லை. விழாவைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது மழைப் பாட்டைப் போட்டுத்தான் தூங்கவைப்பேன். அந்தக் கேசட்டிலிருந்துதான். அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

பல்லவி முடிவதற்குள் கதவு திறந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டே வந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது, அழுகின பழத்தைக் கடித்தவள் மாதிரி.

"அப்பா, இது தப்பா ஓடுது" என்றாள். தமிழில்.

"இல்லம்மா, இதுதான் சரி. பெரிய கதை அது."

அவள் கதையைக் கேட்க நிற்கவில்லை. மேசைக்கு வந்து, குனிந்து, தள்ளுவிசையை விரல் நுனியால் மேலே தள்ளினாள். எந்தக் கருவியும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பாட்டு ஏறியது. ஓர் இடத்தில் விரலை எடுத்தாள். "இப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

தொழில் புத்தி போகுமா? சுருதிப்பெட்டியை எடுத்து அளந்து பார்த்தேன். டவுன்ஹால் ரோட்டைக் கண்ணால் பார்த்தேயிராத பிள்ளை, காதர் பாய் திருகாணியை நிறுத்திய அதே இடத்தில், மயிரிழை தவறாமல் நிறுத்திவிட்டுப் போயிருந்தாள்.